கல்லில் உரித்த நார்: மின்நிலையத் தொழிலாளரும் கல்நார்த் தூசும்

நடக்காத காரியத்தைக் குறிக்கக் 'கல்லில் நார் உரிப்பது போல' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. கஞ்சனிடம் காசு வாங்கப் போனாலும் இதையே சொல்வர். கல்நெஞ்சரிடம் இரக்கம் எதிர்பார்த்தாலும் இதையே சொல்வர். ஆனால், உண்மையாகவே நார் உரியும் கல் ஒன்று பூமியில் இருக்கிறது. பாறைப் பிளவுகளில் பட்டு இழை போலப் படிந்திருக்கும் அதனை விரலாலேயே பிரிக்கலாம். பஞ்சாக்கலாம், நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம். நெருப்பில் போட்டாலும் எரியாது. 'அணைக்க முடியாதது' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்து ஆங்கிலேயர் அதனை அஸ்பெஸ்டாஸ் என்றனர். தமிழில் அதற்குக் கல்நார் என்று பெயர்.

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள் நான். அறிவியல் சொற்கள் எனக்கு மலாயில்தான் முதலில் அறிமுகமாயின. 'கல்நார்' என்ற சொல்லை இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டில், வேறொரு சொல்லைத் தேடும்போது அகராதியில் கண்டேன். கிரேக்கச் சொல்லைவிட இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. கல்லாகவும் இருக்கும், நாராகவும் இருக்கும் என்று பொருளின் இயல்பையே அது சொல்லிவிடுகிறது. மனித உடலுக்குள் போகும்போது சிக்கலும் அதுதான். நார் என்பதால் உள்ளே நுழைகிறது. கல் என்பதால் கரையாமல் தங்கிவிடுகிறது.

அனல்மின் நிலையங்களில் இந்த நார் யாரைத் தொட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். மின்நிலைய ஊழியர் என்று பதிவேட்டில் பெயர் உள்ளவர்களை விட, பெயர் இல்லாமல் வந்து போனவர்களைப் பற்றியே அதிகம் எழுத விரும்புகிறேன்.

மின்நிலையத்திற்குக் கல்நார் எதற்கு?

நிலக்கரியையோ எண்ணெயையோ எரித்து, நீரை ஆவியாக்கி, அந்த நீராவியால் சுழலியைச் சுழற்றுவதே அனல்மின் நிலையத்தின் வேலை. பெரிய நிலையங்களில் நீராவியின் வெப்பம் 500 பாகை செல்சியசையும் தாண்டும். குழாயைத் திறந்தபடி விட்டால் வெப்பம் வீணாகும். தவறிக் கை பட்டால் தோல் வெந்துவிடும். ஆகவே கொதிகலன் தொடங்கிச் சுழலியின் உறை வரை எல்லாவற்றிற்கும் வெப்பக்காப்புப் போர்வை தேவை. இந்தப் போர்வையைப் போடும் வேலையை லேக்கிங் என்பர், செய்பவர் லேக்கர்.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து 1970-கள் வரை இந்த வேலைக்கு உலகெங்கும் கல்நாரே முதல் தேர்வு. வணிகத்தில் அதிகம் பயன்பட்டவை வெள்ளை, பழுப்பு, நீலம் என மூன்று வகை. பழுப்புக் கல்நாருக்கு அமோசைட் என்று பெயர். தென்னாப்பிரிக்கச் சுரங்க நிறுவனம் ஒன்றின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைந்த பெயர் அது. '85 விழுக்காடு மக்னீசியா' என்று ஒரு காப்புப் பொருள் பரவலாக விற்பனையானது. மீதமுள்ள 15 விழுக்காடு என்ன என்று பெயரில் இருக்காது. அது கல்நார்.

வேலை நடந்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்நார்ப் பொடி சாக்கில் வரும். சாக்கைக் கிழித்துத் தொட்டியில் கொட்டி, நீர் விட்டு, கையால் பிசைவார்கள். அந்தக் களியைக் குழாயின் மேல் அடுக்கடுக்காக அப்புவார்கள். வார்த்து வந்த துண்டுகளாக இருந்தால் இரம்பத்தால் அறுத்துப் பொருத்துவார்கள். சாக்கைக் கொட்டும்போதும், அறுக்கும்போதும், வேலை முடிந்து தரையைப் பெருக்கும்போதும் தூசு எழும். கொதிகலன் கூடம் பல மாடி உயரம் கொண்டது. நடைபாதைகள் பெரும்பாலும் இரும்புக் கிராதிகள். மேல் தளத்தில் லேக்கர் கொட்டியது கீழ்த் தளத்தில் வெல்டிங் செய்பவர் தலையில் இறங்கும். கல்நாரைக் கையால் தொடாத ஃபிட்டர், மின்பணியாளர், துப்புரவாளர் எல்லோரும் அதே காற்றைத்தான் சுவாசித்தனர்.

போர்வையைப் போடுவதை விடப் பிரிப்பது மோசம். சுழலியைப் பழுதுபார்க்க வேண்டுமானால் முதலில் போர்வையை உரிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் காய்ந்த அது சுத்தியல் பட்டதும் பொடிந்து பறக்கும். இவை தவிர, இணைப்புகளுக்கு இடையில் வைக்கும் கேஸ்கெட், வால்வுகளில் திணிக்கும் கயிறு, சுழலியின் மேல் போர்த்தும் மெத்தை ஆகியவற்றிலும் கல்நாரே இருந்தது.

தூசுக்கு ஒரு கணக்கு

நம் நாட்டின் 1986-ஆம் ஆண்டுக் கல்நார் விதிகள் நீல வகையைத் தடை செய்தன; வேலையிடக் காற்றுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக மில்லிலிட்டருக்கு 1 நார் என்ற வரம்பை வகுத்தன. கேட்பதற்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடலுழைப்பில் இருப்பவர் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றை இழுப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 9,600 லிட்டர். அதாவது 96 லட்சம் மில்லிலிட்டர். வரம்புக்கு உட்பட்டு வேலை செய்தாலும் ஒரு நாளில் 96 லட்சம் நார்கள் மூக்கு வழியே போகலாம். பிரிட்டனின் இன்றைய வரம்பு மில்லிலிட்டருக்கு 0.1 நார், அதையும் பாதுகாப்பான அளவு என்று அங்கே கருதுவதில்லை.

உள்ளே போவதில் பெரும்பகுதி சளியோடு வெளியேறிவிடும். மெல்லிய நீண்ட நார்கள்தாம் நுரையீரலின் கடைசி அறைகள் வரை செல்கின்றன. வெளியிலிருந்து வரும் துகள்களை விழுங்கும் உயிரணுக்கள் நம் நுரையீரலில் இருக்கின்றன. ஆனால் தன்னைவிட நீளமான நாரை அவற்றால் முழுதாக விழுங்க இயலாது. முயன்று முயன்று அழற்சி உண்டாகிறது. காலப்போக்கில் திசு தழும்பேறி இறுகுகிறது. இதுவே கல்நார் நுரையீரல் நோய். மூச்சு வாங்குவது மெல்ல மெல்ல அதிகரிக்கும். பழைய நிலைக்குத் திரும்ப மருந்தில்லை. நுரையீரல் புற்றுநோயும் வரும். நுரையீரலைச் சுற்றியுள்ள படலத்தில் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயும் வரும். இந்தக் கடைசி நோய்க்குப் பெரும்பாலும் காரணம் கல்நாரே.

புகைபிடிப்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வெப்பக்காப்பு வேலையாட்களை ஆராய்ந்து ஹேமண்டும் செலிகாஃபும் 1979-இல் வெளியிட்ட கணக்கின்படி, இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் கல்நார் மட்டும் பட்டவருக்கு ஏறத்தாழ 5 மடங்கு, புகை மட்டும் பிடித்தவருக்கு 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 53 மடங்கு. ஐந்தையும் பதினொன்றையும் கூட்டி இந்த விடைக்கு வர முடியாது. பெருக்கினால்தான் அருகில் வரும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமையானது காலம். தூசு பட்டதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம். அதற்குள் தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார், நிறுவனம் பெயர் மாறியிருக்கும், மேற்பார்வையாளர் இறந்திருப்பார்.

தெரிந்த பிறகும்

இந்த ஆபத்து அண்மையில் கண்டறியப்பட்டதன்று. லண்டன் மருத்துவர் மான்டேகு மர்ரி 1899-இல் கல்நார்த் தொழிலாளி ஒருவருக்குச் சிகிச்சை அளித்தார். தம்மோடு ஒரே அறையில் வேலை செய்த பத்துப் பேரில் தாம் மட்டுமே எஞ்சியிருப்பதாக அந்த 33 வயது இளைஞர் கூறினார். மர்ரி இதனை 1906-இல் அரசாங்கக் குழுவின் முன் சாட்சியமாகவே சொன்னார். 1930-இல் மெரிவெதர், பிரைஸ் என்ற இரு அதிகாரிகள் பிரிட்டிஷ் கல்நார் ஆலைத் தொழிலாளர் 363 பேரைப் பரிசோதித்து, ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு நுரையீரல் தழும்பு இருப்பதைக் காட்டினர். அதன் விளைவாக 1931-இல் 'கல்நார்த் தொழில் விதிகள்' வந்தன. நியூயார்க் வட்டாரத்தில் காப்புப் போர்வைத் தொழிலாளர் 632 பேரைப் பற்றிய செலிகாஃபின் ஆய்வு 1964-இல் வெளிவந்தது. லேக்கர்களிடையே நுரையீரல் புற்றுநோய் எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு என்பது அதற்குப் பின் மறைக்க இயலாத செய்தியாயிற்று.

1931-ஆம் ஆண்டு விதிகளின் பெயரை மீண்டும் பார்க்க வேண்டும்: கல்நார்த் தொழில் விதிகள். மின்நிலையம் கல்நார்த் தொழிலா? இக்கேள்விக்கு விடை கிடைக்க 83 ஆண்டுகள் ஆயின.

பேட்டர்சிக்குச் சாம்பல் ஏற்ற வந்தவர்

தேம்ஸ் ஆற்றங்கரையில் நான்கு வெள்ளைப் புகைபோக்கிகளோடு நிற்கும் பேட்டர்சி மின்நிலையத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1930-களில் மின் உற்பத்தியைத் தொடங்கி 1983-இல் மூடப்பட்டது. பிறகு அங்கே கேளிக்கைப் பூங்கா அமைக்கத் திட்டமிட்டு, எந்திரங்களை வெளியே எடுக்கக் கூரையைக் கழற்றினார்கள். 1989-இல் வேலை பாதியில் நின்றது. 2012-இல் எஸ்பி செத்தியா, சைம் டார்பி, நம் ஊழியர் சேமநிதி வாரியம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதனை வாங்கின. 2022 அக்டோபரில் கடைகளும் அலுவலகங்களும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. சேமநிதிக் கணக்கு வைத்திருக்கும் நம் பெற்றோரின் பணத்தில் ஒரு துளி அந்தச் செங்கற்களில் இருக்கிறது எனலாம்.

அங்கே 1954 முதல் 1959 வரை ஒரு லாரி ஓட்டுநர் மாதத்திற்கு ஏறக்குறைய இரண்டு முறை வந்து போனார். அவர் மின்நிலைய ஊழியர் அல்லர். கட்டட ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை. நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பலை ஏற்றிக்கொண்டு போக வந்தவர். அந்தச் சாம்பலால் அவருக்கு நோய் வரவில்லை. நிலையத்திற்குள் போய் வந்தபோது, லேக்கர்கள் கல்நார்ப் பொடியைக் கலந்துகொண்டிருந்த இடங்களின் தூசு அவர் மீது பட்டது. 2012-இல் அவருக்கு மீசோதீலியோமா என்று தெரிந்தது. கடைசியாக அங்கே போய் 53 ஆண்டுகள் ஆகியிருந்தன. மலேசிய நிறுவனங்கள் பேட்டர்சியை வாங்கிய அதே ஆண்டு அது.

அவர் வழக்குத் தொடுத்தார். நிலையத்தின் பழைய பொறுப்புகளை ஏற்றிருந்த நிறுவனத்தின் வாதம் இதுதான்: 1931-ஆம் ஆண்டு விதிகள் கல்நார்ப் பொருள்களை உற்பத்தி செய்யும் தொழிலுக்கு மட்டுமே உரியவை, மின்நிலையம் கல்நாரைப் பயன்படுத்துகிறதே தவிர அந்தத் தொழிலைச் செய்யவில்லை. முதல் நீதிமன்றத்தில் ஓட்டுநர் தோற்றார். மேல்முறையீட்டில் இந்த விதிகளைப் பொறுத்தவரை வென்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2014 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அவர் பக்கமும் இருவர் எதிர்ப்பக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. கல்நாரைக் கலப்பது போன்ற செய்முறைகள் எந்தத் தொழிற்சாலையில் நடந்தாலும் விதிகள் பொருந்தும் என்றது பெரும்பான்மை. தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. மனைவிதான் வழக்கை நடத்தினார்.

மொழிக் கழகத்தைச் சேர்ந்த நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு மனிதரின் உயிருக்கு மதிப்பு உண்டா என்ற வழக்கு 'தொழில்' என்ற ஒற்றைச் சொல்லின் எல்லை எது என்பதில் வந்து நின்றது. இருவரின் கருத்து எதிராகப் போனதிலிருந்து, அந்த எல்லை எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

துணி துவைத்தவர்கள்

வந்து போனவர்களுக்கே இப்படி என்றால் அங்கே போகாதவர்களின் கதை இன்னும் வேறு. 1965-இல் நியூஹவுஸ் அம்மையாரும் தாம்சனும் லண்டன் மருத்துவமனை ஒன்றின் மீசோதீலியோமா நோயாளிகள் 76 பேரின் வரலாற்றை ஆராய்ந்தனர். அவர்களில் 9 பேர் கல்நார் ஆலைக்குள் கால் வைக்காதவர்கள். வீட்டில் இருந்த உறவினர் கல்நார்த் தொழிலாளி, பெரும்பாலும் கணவர். அவருடைய வேலைத் துணியை உதறித் துவைத்ததே இவர்களுக்குப் பட்ட தூசு.

இதைப் படித்தபோது என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். தாத்தா 1974-இல் தோட்டத்தை விட்டு வெளியேறி, ஒரு குத்தகையாளரிடம் நாள்கூலியாகச் சேர்ந்தார். மின்நிலையமோ ஆலையோ பழுதுபார்ப்புக்கு நிறுத்தப்படும்போது குத்தகையாளரின் லாரி வந்து ஆட்களை ஏற்றிச் செல்லும். 1983 வரை அந்த வேலை. லேக்கிங் என்ற சொல்லையே தாத்தா பயன்படுத்துவதில்லை; 'பஞ்சு வேலை' என்பார். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார்களாம். நெஞ்சுக்கு நல்லது என்று மேஸ்திரி மாலையில் ஆளுக்கொரு டின் பால் கொடுப்பாராம். பால் போவது வயிற்றுக்கு, தூசு போவது நுரையீரலுக்கு என்பதை அன்று யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை.

"யாரும் ஒண்ணும் சொல்லலையா தாத்தா?" என்று கேட்டேன்.

"சொல்றதுக்கு என்னம்மா இருக்கு? பஞ்சுதானே. குத்தவும் இல்ல, நாறவும் இல்ல."

வீடு திரும்பியதும் பாட்டி அந்தச் சட்டையைக் குழாயடியில் உதறிவிட்டு ஊறவைப்பார். அப்போது என் அம்மாவும் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்திருப்பார்.

2023-இல் குடலிறக்க அறுவைக்காக எடுத்த எக்ஸ்ரேயில், தாத்தாவின் விலா எலும்புகளின் உட்புறம் வெண்மையான திட்டுகள் தெரிந்தன. சிகரெட் உண்டா, காசநோய் வந்ததுண்டா என்று கேட்டார்கள். தாத்தா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. இன்னொரு முறை போனபோது ஓர் இளம் மருத்துவர்தான், "முன்பு என்ன வேலை செய்தீர்கள்?" என்று மலாயில் கேட்டார். அந்த ஒரு கேள்வியால் விஷயம் விளங்கியது. அவை கல்நார் பட்டதன் தடயமான படலத் திட்டுகள். அவை புற்றுநோய் அல்ல. பொதுவாகத் தொல்லையும் தருவதில்லை. ஆனால் நார் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அவை சாட்சி. இப்போது தாத்தாவைத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். பாட்டியின் பெயரையும் குறித்துக்கொண்டார்கள்.

சட்டம் இருக்கிறது, சான்று எங்கே?

நம் நாட்டில் வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். சொக்சோவின் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொழில்சார் நோய்களின் அட்டவணை ஒன்று உண்டு. கல்நாரால் வரும் நோய்களும் அதில் அடங்கும். தொழில்சார் நோய் என்று கண்டால் மருத்துவர் 7 நாள்களுக்குள் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 1986-ஆம் ஆண்டு விதிகளுக்குத் தாயான தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூனில் நீக்கப்பட்டு, தொழிலிடப் பாதுகாப்பு முழுவதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்துள்ளது.

ஆனால் இவை யாவும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: இந்த மனிதர், இந்த ஆண்டில், இந்த இடத்தில் வேலை செய்தார் என்று காட்ட வேண்டும். தாத்தாவிடம் சம்பளச் சீட்டு இல்லை. கூலி கையில் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டுகளுக்குச் சொக்சோ சந்தா கட்டப்படவில்லை. குத்தகையாளர் தொழிலை மூடி நெடுங்காலமாகிறது. மின்நிலையத்தின் பதிவேட்டில் அதன் சொந்த ஊழியர்களின் பெயர்கள்தாம் இருக்கும். பேட்டர்சி ஓட்டுநருக்கு ஒரு நிலையான முதலாளியாவது இருந்தார்.

இது தாத்தா காலத்தோடு முடிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. தொழிற்பயிற்சிக்குச் சென்ற ஆலையில் பழைய குழாய்ப் போர்வையைச் சிலர் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட ஆலையின் ஊழியர் அல்லர். துணைக் குத்தகையாளர் அழைத்து வந்த நேப்பாளிகளும் வங்காளதேசிகளும். அந்தப் போர்வையில் கல்நார் இல்லை என்று ஆய்வகச் சான்றிதழ் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. முறையாகச் செய்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டும். ஆனால் சான்றிதழ் ஆங்கிலத்தில் இருந்தது. நான் பேசிய இருவருக்கு அந்தத் தாள் எதற்காக ஒட்டப்பட்டிருக்கிறது என்றே தெரியவில்லை. கல்நார் இருந்திருந்தால் இடத்தை மூடி அடைக்க வேண்டும், போர்வையை நனைத்தே பிரிக்க வேண்டும், தகுந்த சுவாசக் கவசம் வேண்டும், துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, வேலைத் துணி வீட்டுக்குப் போகவே கூடாது. இவற்றைக் கேட்டு வாங்க வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி.

நம் கழகத்தில் மருத்துவ மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். முதிய நோயாளியிடம் 'என்ன வேலை செய்கிறீர்கள்' என்று கேட்டால் 'ஓய்வு' என்றுதான் பதில் வரும். முதல் வேலையிலிருந்து கடைசி வேலை வரை வரிசையாகக் கேளுங்கள். பஞ்சு வேலை, சட் டவுன் வேலை, பாய்லர் வேலை என்று அவர்கள் சொல்லும் பெயர்களிலேயே கேளுங்கள். கல்நார் என்று கேட்டால் 'இல்லை' என்பார்கள். மற்றவர்கள் வீட்டில் தாத்தா பாட்டியிடம் இதையே கேட்டு ஆண்டு, இடம், குத்தகையாளர் பெயர், உடன் வேலை செய்தவர் பெயர் என எழுதி வைக்கலாம். பதிவேடு இல்லாத இடத்தில் உடன் வேலை செய்தவரின் வாக்குமூலம் பெரிய சான்று.

நான் கடந்த விடுமுறையில் நான்கு மாலைகள் தாத்தாவோடு உட்கார்ந்து எழுதினேன். 9 இடங்களும் 17 பெயர்களும் கிடைத்தன. ஒரு படியை அவருடைய மருத்துவக் கோப்பில் சேர்க்கக் கொடுத்துவிட்டேன். அந்தப் பதினேழு பேரில் மூவர் இன்னும் இருக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ஒருவர் பந்திங்கில் மகள் வீட்டில் இருக்கிறார்; எக்ஸ்ரே எடுத்துவிட்டார். மற்ற இருவரையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.